வரிக் கடிதம் வந்தால் யாரிடம் போவது?

ஏறாவூரில் தையல் கடை நடத்தும் மாமி ஒருவர் என்னிடம் வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல் ஒன்றை நீட்டினார். 1990 இல் கணவரை இழந்தவர்; அரச முத்திரை கண்டாலே கை நடுங்கும். கடிதம் மூன்று வாரமாக அலுமாரிக்குள் கிடந்தது.

அதுதான் ஆபத்து. மதிப்பீட்டில் உடன்பாடில்லையென்றால் 30 நாட்களுக்குள் எழுத்தில் நிர்வாக மீளாய்வு கோர வேண்டும். அங்கும் தீராவிட்டால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது.

"முடிச்சுத் தாறன்" என்று முற்பணம் கேட்ட தரகரை விட்டுவிட்டுச் சட்டத்தரணியைத் தேடினோம். நாங்கள் சந்தித்தவர்களில் பலர் காணி வழக்குப் பார்ப்பவர்கள். ஆகவே முதலில் கேளுங்கள்: வரி மேன்முறையீடு செய்திருக்கிறீர்களா? கட்டணம் எவ்வளவு, எதெதற்கு? பற்றுச்சீட்டு தருவீர்களா? உயர் நீதிமன்றத்தில் பதிவு பெற்றவரா என்றும் விசாரியுங்கள். கணக்கில் மட்டும் சிக்கலென்றால் பட்டயக் கணக்காளர் போதும். மூலப் பத்திரங்களைக் கொடுக்காதீர்கள், பிரதி கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் சட்டத்தரணி தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். வருமானம் அதைத் தாண்டாதவர்கள், வைப்பு வட்டியில் 10 வீதம் பிடிக்காதிருக்க வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் போதும்.

மாமியின் கோரிக்கை 27 ஆம் நாள் போய்ச் சேர்ந்தது. உங்கள் கடிதத்தை இன்றே பிரியுங்கள்.