விளையாட்டுப் பொறியும் வீடியோக் கோப்பு மாற்றமும் – ஒரு வரலாற்று நோக்கு

பொறிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றை விலை கொடுத்து வாங்கியோர், தம் தேவைக்கேற்ப வளைத்தோர், விதிக்கப்பட்ட எல்லைகளை மீறியோர் ஆகியோரின் முயற்சிகள் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. கேம் கொன்சோல் என வழங்கும் விளையாட்டுப் பொறிகளிலே திரைப்படங்களையும் பிற வீடியோக்களையும் இயக்குவதற்காகக் கோப்புகளை மாற்றியமைத்த வரலாறு இவ்வகையில் நோக்கத்தக்கது. கணனியிலே குறைவின்றி ஓடிய ஒரு வீடியோக் கோப்பு விளையாட்டுப் பொறியிலே ஓட மறுத்தமைக்குக் காரணம் யாது? பொறியின் இயலாமை ஒரு காரணம். ஆக்கியோர் இயலவிடாமை பிறிதொரு காரணம். இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியாவிடின் இவ்வரலாறு வெறும் தொழினுட்பக் குறிப்பாகவே எஞ்சும்.

முதற்கண் வீடியோக் கோப்பு என்பதன் இயல்பை நோக்குதல் வேண்டும். 480 புள்ளி அகலமும் 272 புள்ளி உயரமும் உடைய ஒரு சட்டகத்தில் 1,30,560 படப்புள்ளிகள் உள. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைற் வீதம், செக்கனுக்கு முப்பது சட்டகங்களைச் சுருக்காது பதிந்தால், ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 11.75 மெகாபைற் தேவைப்படும். 32 மெகாபைற் கொள்ளளவுடைய நினைவகத்தில் மூன்று செக்கனுக்குரிய காட்சியைக்கூட அடக்கவியலாது. ஆகவே சுருக்கமுறை இன்றியமையாததாயிற்று. சுருக்கப்பட்ட படத்தையும் ஒலியையும் ஒருங்கே தாங்குவது கோப்பின் உறை. ஒரே உறைக்குள் வெவ்வேறு சுருக்கமுறைகள் இருத்தல் கூடும். ஒரே சுருக்கமுறை வெவ்வேறு உறைகளுள் இருத்தலும் கூடும். பிற்காலச் சிக்கல்கள் பலவற்றுக்கு மூலகாரணம் இதுவேயாகும்.

சுருக்கமுறைகளுக்குப் பொதுநியமம் வகுக்கும் பொருட்டு 1988 இல் யப்பானியரான ஹிரோஷி யசுதா, இத்தாலியரான லியொனார்டோ கியாரிலியோனே ஆகியோரின் முயற்சியால் எம்பெக் எனும் நிபுணர் குழு தோன்றிற்று. 1993 இல் வெளியான எம்பெக்-1 வீடியோ சீடிக்கும், அதனைத் தொடர்ந்த எம்பெக்-2 டிவிடிக்கும் அடிப்படையாயின. 1999 இல் எம்பெக்-4 இன் இரண்டாம் பகுதியும், 2003 இல் எச்.264 எனப்படும் பத்தாம் பகுதியும் நியமங்களாயின. எனினும் நியமம் என்ற சொல் நம்மை மயக்குதல் கூடாது. ஒவ்வொரு நியமமும் பல வகைகளையும் படிநிலைகளையும் உடையது. ஒரு பொறி எம்பெக்-4 ஐ இயக்கும் எனக் கூறப்படுவதன் பொருள், அந்நியமத்தின் ஒரு குறித்த பகுதியை இயக்கும் என்பதேயன்றி, அதன்கண் அடங்கிய அனைத்தையும் இயக்கும் என்பதன்று.

விளையாட்டுப் பொறி திரைப்படப் பொறியாகவும் மாறியமை வட்டுகளின் வழியாகவே நிகழ்ந்தது. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 1994 இல் யப்பானில் வெளிவந்தபோது சீடியைப் பயன்படுத்தியது. 2000 மார்ச்சில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடித் திரைப்படங்களையும் இயக்கியது. வட்டும் பொறியும் ஒரே நியமத்துக்கு அமைந்திருந்தவரை மாற்றம் என்ற வினாவே எழவில்லை. படம் வட்டைவிட்டு நீங்கிக் கோப்பாகியபோதே அவ்வினா தோன்றிற்று. 1990களின் இறுதியில் பிரான்சியரான ஜெரோம் ரோட்டா, மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் எம்பெக்-4 சுருக்கியை மாற்றியமைத்து டிவெக்ஸ் என்ற பெயரிலே பரப்பினார். முழுநீளத் திரைப்படமொன்றை ஒரு சீடியில் அடக்கவல்ல இம்முறை விரைவிற் பரவியது. இவ்வாறு கணனிகளிலே திரண்ட படக் கோப்புகளைக் கையடக்கத் திரையிலும் வரவேற்பறைத் தொலைக்காட்சியிலும் காணும் விருப்பம் எழுந்தமை இயல்பே.

இவ்விடத்திற் சோனி நிறுவனத்தின் இருமுகநிலை கருதத்தக்கது. அந்நிறுவனம் 1975 இல் பீற்றாமக்ஸ் ஒளிநாடாப் பதிகருவியை அறிமுகஞ் செய்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டிலே பதிவுசெய்தல் பதிப்புரிமையை மீறுவதாகும் எனக் கூறி யூனிவேர்சல், டிஸ்னி ஆகிய நிறுவனங்கள் 1976 இல் வழக்குத் தொடர்ந்தன. 1984 ஜனவரி 17 ஆம் நாள் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையாற் சோனியின் சார்பிலே தீர்ப்பளித்தது. ஒளிபரப்பப்பட்ட ஒன்றைப் பதிந்துவைத்துத் தனக்கு உகந்த நேரத்திற் பார்த்தல் நியாயமான பயன்பாடு என்பது அத்தீர்ப்பின் சாரம். ஐந்தாண்டுகளின் பின், 1989 இல், அதே நிறுவனம் கொலம்பியா திரைப்பட நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. பார்வையாளனின் உரிமைக்காக வழக்காடிய நிறுவனம், படங்களின் உரிமையாளராகவும் ஆயிற்று. இவ்விரு நலன்களின் முரண்பாடு அதன் பிற்காலப் பொறிகளிற் பிரதிபலித்தது எனக் கொள்ள இடமுண்டு.

அதற்குத் தெளிவான சான்று 2004 டிசெம்பர் 12 ஆம் நாள் யப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் எனும் கையடக்கப் பொறியாகும். சுருக்கமாகப் பி.எஸ்.பி. என வழங்கிய இப்பொறி 4.3 அங்குலத் திரையையும் 480க்கு 272 என்ற புள்ளியளவையும் உடையது. படங்களை இயக்க அதில் இரு வழிகள் இருந்தன. யூ.எம்.டி. எனும் சிறுவட்டு ஒன்று; 1.8 கிகாபைற் வரை கொள்ளும் இவ்வட்டிற் சோனியும் பிற நிறுவனங்களும் திரைப்படங்களை விற்றன. மெமரி ஸ்டிக் டியோ எனும் நினைவக அட்டை மற்றையது. பயன்படுத்துவோர் தம் சொந்தக் கோப்புகளை இடக்கூடிய வழி இதுவே. யூ.எம்.டியில் தாமாக எதனையும் பதிய அவர்களுக்கு வழியிருக்கவில்லை. ஏற்கனவே ஒரு படத்தின் டிவிடியை வாங்கியவர், அதே படத்தைப் பயணத்திலே காண விரும்பின், ஒன்றில் மீண்டும் விலை கொடுத்தல் வேண்டும். அன்றேல் கோப்பை மாற்றுதல் வேண்டும்.

கோப்பை மாற்றுதல் எளிதாக இருக்கவில்லை. நினைவக அட்டையிலே குறித்த பெயருடைய உறையகத்தினுள், எம்4வி என்ற எழுத்துகளை அடுத்து ஐந்து இலக்கங்கள் வரும் பெயருடன் கோப்பு இருத்தல் வேண்டும். செக்கனுக்கான சட்டக எண்ணிக்கை பொறி ஏற்கும் அளவினதாக அமைதல் வேண்டும். எம்பி4 எனும் பொதுநியம உறையிலே முறைப்படி அமைந்த கோப்பாயினும், அதன் தலைப்பகுதியிற் சோனிக்கே உரிய சில அடையாளக் குறிகள் இல்லையெனின் பொறி அதனை ஏற்க மறுத்தது. சட்டகத்தின் அளவு 320க்கு 240, அஃதாவது 76,800 புள்ளிகள் என்ற எல்லைக்குள் அடங்குதல் வேண்டும்.

இவ்வெல்லையைப் பயன்படுத்துவோர் கையாண்ட விதம் வியந்து நோக்கத்தக்கது. 320க்கு 240 என்பது பழைய தொலைக்காட்சியின் வடிவம், பி.எஸ்.பியின் திரையோ அகலமானது. பொறி சோதிப்பது அகலத்தையோ உயரத்தையோ தனித்தனியே அன்று, மொத்தப் பரப்பையே என்பதை அவர்கள் பரிசோதனைகளால் அறிந்தனர். எம்பெக் முறையிற் படம் பதினாறுக்குப் பதினாறு புள்ளியுடைய கட்டங்களாகப் பிரிக்கப்படும். 320க்கு 240 என்பது 300 கட்டங்கள். 368க்கு 208 என்பதோ 23 ஐ 13 ஆற் பெருக்கி வரும் 299 கட்டங்கள், 76,544 புள்ளிகள். எல்லைக்குள் அடங்கியபடியே அகலத் திரைக்குப் பொருந்தும் வடிவம் இவ்வாறு கண்டறியப்பட்டது. பொறியின் விளக்கநூலை நம்பியிராது பொறியையே வினவி விடைபெற்ற பயிற்சி இது.

இம்முயற்சிகளுக்கு அடித்தளமாக அமைந்தது எஃப்.எஃப்.எம்பெக் எனும் திறந்தமூல மென்பொருள். பிரான்சிய நிரலாளரான பப்ரிஸ் பெல்லார் 2000 ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். பின்னர் உலகின் பல பாகங்களிலுமுள்ள நிரலாளர் இதனை வளர்த்தனர். பி.எஸ்.பி. எதிர்பார்த்த தலைப்பகுதிக் குறிகளை எழுதுவதற்கெனவே இம்மென்பொருளில் ஒரு தனி உறைவகை சேர்க்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. எச்.264 முறையிற் சுருக்குவதற்கு எக்ஸ்264 எனும் மென்பொருளும் இவ்வாறே கூட்டுழைப்பில் உருவாயிற்று. இவற்றை உள்ளடக்கிச் சாதாரண மக்களும் கையாளத்தக்க இலவச மென்பொருள்கள் பல எழுந்தன.

இதுகாறும் கூறியவற்றுட் சில எல்லைகள் பொறியின் இயலாமையால் விளைந்தவையே. இரண்டு மணிநேரப் படமொன்றைச் செக்கனுக்கு 628 கிலோபிற் என்ற வீதத்தில் மாற்றினால் ஏறத்தாழ 565 மெகாபைற் தேவை. பொறியோடு வழங்கப்பட்ட 32 மெகாபைற் அட்டையில் ஏழு நிமிடத்துக்கும் குறைவான காட்சியே அடங்கும். இது அக்கால நினைவகத்தின் விலையும் வளர்ச்சியும் விதித்த எல்லை. ஆயின் 76,800 புள்ளி எல்லை அத்தகையதன்று. அதே பொறி யூ.எம்.டி. வட்டிலுள்ள திரைப்படங்களை 720க்கு 480 என்ற அளவில், எச்.264 முறையிலே, தடையின்றி இயக்கியது. வட்டிலிருந்து இயக்கவல்ல குறிநீக்கி அட்டையிலிருந்து இயக்க இயலாதென்பது பொருந்தாது. தன்னார்வ நிரலாளர் தாமே ஆக்கிய இயக்கிகளின் மூலம் அட்டையிலிருந்து முழுத்திரை அளவிற் படங்களை ஓட்டிக் காட்டி இதனை நிறுவினர். 2007 மார்ச்சில் வெளியான 3.30 ஆம் பதிப்பு இயக்க மென்பொருள் 480க்கு 272, 720க்கு 480 ஆகிய அளவுகளை அட்டையிலிருந்தும் அனுமதித்தது. பொறியின் உறுப்புகளில் எதுவும் மாறவில்லை; அனுமதி மாத்திரமே மாறியது. அதற்குள் யூ.எம்.டித் திரைப்பட விற்பனை நலிவடைந்து, 2006 முதலே பல நிறுவனங்கள் வெளியீட்டைக் குறைத்திருந்தன என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் தகும்.

வரவேற்பறைப் பொறிகளிலும் இப்போக்கே காணப்பட்டது. 2005 இல் வெளிவந்த எக்ஸ்பொக்ஸ் 360 உம் 2006 இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 உம் தொடக்கத்திலே டிவெக்ஸ் கோப்புகளை ஏற்கவில்லை. 2007 டிசெம்பரில் இரு பொறிகளும் சில நாள் இடைவெளியில் அவ்வகைக் கோப்புகளை இயக்கும் ஆற்றலைப் பெற்றன. ஆயினும் அக்காலத்தே பரவிய மற்றொஸ்கா எனும் உறையைப் பிளேஸ்டேஷன் 3 ஏற்கவில்லை. உள்ளிருந்த எச்.264 படம் பொறிக்கு உகந்ததாயினும் உறை காரணமாகவே கோப்பு ஒதுக்கப்பட்டது. இந்நிலையிற் படத்தை மீளச் சுருக்காது உறையை மட்டும் மாற்றும் முறை வழக்கிற்கு வந்தது. மீளச் சுருக்குதல் பல மணிநேரம் கொள்ளும், தரமும் குறையும். உறைமாற்றம் சில நிமிடங்களில் முடியும்; தரம் ஒரு சிறிதும் குறையாது. மாற்றுமுன் கோப்பை ஆராய்தல் வேண்டும் என்ற தெளிவு இக்காலத்திலேதான் பரவலாயிற்று.

இவ்வரலாற்றை ஆக்கியோரின் தீமைக்கும் பயன்படுத்துவோரின் நன்மைக்கும் இடையிலான போராட்டமாக மாத்திரம் காண்பது மிகையாகும். மாற்றப்பட்ட கோப்புகளிற் பல உரிய அனுமதியின்றிப் பரவியவை என்பது மறுக்கவொண்ணாதது. சுருக்கமுறைகளின் காப்புரிமைக்குப் பொறியாக்குவோர் கட்டணஞ் செலுத்த வேண்டியிருந்தமையும் உண்மை. டிவிடியின் மறைகுறியை நீக்குதல் தொடர்பாக நாடுகளின் சட்டங்களும் வேறுபட்டன. 1999 இல் வெளியான மறைநீக்க மென்பொருள் தொடர்பாக நோர்வேயிலே குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞர் யோன் லெக் யொஹான்சன் 2003 இல் விடுவிக்கப்பட்டார். அமெரிக்காவிலோ 1998 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய செயலைத் தடைசெய்தது. எனினும் தான் வாங்கிய படத்தைத் தான் வாங்கிய பொறியிலே காண முற்பட்டவனும் களவாடியவனும் ஒரே எல்லையால் தடுக்கப்பட்டனர் என்பதே இங்கு கருதவேண்டியது.

2013 இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4 முதலிற் கோப்பியக்கி எதுவுமின்றியே வந்தது. 2015 யூனில் வழங்கப்பட்ட இயக்கி மற்றொஸ்கா உறையையும் ஏற்றது. பி.எஸ்.பியின் விற்பனையோ 2014 உடன் முடிவுற்றது. எல்லைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆயினும் ஒன்று மீளவில்லை. சுருக்கத்தின்போது இழந்த நுண்விவரம் எந்த மென்பொருளாலும் மீட்டற்கரியது. குழந்தையின் முதல் நடையையோ குடும்பத் திருமணத்தையோ 368க்கு 208 என்ற அளவுக்குச் சுருக்கி மூலத்தைக் கைவிட்டோரிடம் எஞ்சியிருப்பது அச்சிறு படம் மாத்திரமே. ஒரு நிறுவனம் சில ஆண்டுகளுக்கு விதித்த எல்லை, அந்நிறுவனமே அதனை நீக்கிய பின்னரும், அக்கோப்புகளில் நிலைபெற்றுவிட்டது. பொறியின் எல்லையைத் தன் நினைவின் எல்லையாக ஏற்காது மூலத்தைப் பேணிக் காத்தவனே இவ்வரலாற்றில் இழப்பின்றி மீண்டவனாவான்.