'விட்' என்னும் ஆங்கில வினையின் திரிபுகள்

ஆங்கிலத்தில் 'அறிதல்' என்னும் பொருளில் முற்காலத்தே பெருவழக்காயிருந்த வினை 'விட்'. இன்று, 'அதாவது' எனப் பொருள்படும் 'டு விட்' போன்ற ஓரிரு தொடர்களிலேயே அஃது எஞ்சியுள்ளது.

இதன் வேர்ப்பொருள் 'காணுதல்'. 'கண்டுள்ளேன்' என்னும் இறந்தகால வடிவே 'அறிவேன்' என நிகழ்காலப் பொருள் பெற்றது. வடமொழி 'வேத' என்னும் வினைமுற்றும் அத்தகையதே. ஆதலின் பழைய ஆங்கிலத்தில் தன்மை ஒருமைக்கும் படர்க்கை ஒருமைக்கும் 'வாட்' என ஒரே வடிவம்; பிற வினைகள் படர்க்கையிற் கொள்ளும் 'எத்' விகுதி இதற்கில்லை. 'வாட்' பின்னர் 'வொட்' ஆயிற்று. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்திலோ, ஆதியாகமம் 39ஆம் அதிகாரத்தில், 'வொட்டெத்' எனக் காண்கிறோம். இதனை வழுவென்று தள்ளுதல் பொருந்தாது. சொல்லின் பழைய இறந்தகால இயல்பு மறக்கப்பட்டமைக்கு இது சான்றெனக் கருதுகிறோம்.

இதனினும் வியப்புடையது 'ஐ விஸ்'. 'உறுதியாக' எனப் பொருள்படும் 'இவிஸ்' என்னும் வினையடையின் முதலெழுத்தைப் பிரித்தெழுதினர். ஆங்கிலத்தில் 'நான்' என்பதும் அவ்வோரெழுத்தே! பிற்காலத்தார் 'நான் அறிவேன்' என்று பொருள்கொள்ள, இல்லாத வினையொன்று பிறந்தது. 1842இல் உரோமர் பற்றிய கதைப்பாடலில் மெக்காலேயும் அதனை ஆண்டார். அவ்வடையின் இனச்சொல்லாகிய 'கெவிஸ்' செருமானியத்தில் இன்றும் பழம்பொருளிலேயே வழங்குகின்றது.