வாலுள்ள மனிதர்களைத் தேடிய நீதிபதி

எடின்பரோ நகரத்தில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் கே என்று ஒருவர் இருந்தார். முதலில் முடிதிருத்தும் தொழில். பிறகு அதை விட்டுவிட்டு, ஊரிலுள்ள பெரிய மனிதர்களையெல்லாம் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சுப் போட்டு விற்க ஆரம்பித்தார். நீதிபதி, பாதிரியார், மீன்காரி, பைத்தியக்காரன் என்று யாரையும் அவர் விட்டு வைக்கவில்லை. அவர் போட்ட படங்களில் ஒன்று கணினியில் எதையோ தேடும்போது என் கண்ணில் பட்டது. பொய்முடி அணிந்த ஒரு வயதான நீதிபதி. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சித்திரம். அதில் சிலர் கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் வால்!

நாற்பது வருடம் கோர்ட்டில் குப்பை கொட்டியவன் நான். நீதிபதியை இப்படிப் படம் போட்டு விற்றால் எங்கள் ஊரில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துச் சிரித்தேன். பிறகு யார் இவர் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் கிட்டத்தட்ட ஒரு மாதம் போயிற்று.

பெயர் ஜேம்ஸ் பர்னெட். 1714-ல் பிறந்தவர். ஹாலந்திலுள்ள குரோனிங்கன் வரை போய் ரோமானியச் சட்டம் படித்தவர். 1767-ல் ஸ்காட்லாந்தின் உயர்ந்த சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷனில் நீதிபதியானார். அங்கே நீதிபதி ஆனவர்கள் பெரும்பாலும் தங்கள் பண்ணையின் பெயரையே பட்டமாக வைத்துக்கொள்வார்கள். பரம்பரைப் பட்டம் அல்ல, பதவியோடு வருவது. நம்மில் சிலரை ஊர்ப்பெயரால் மட்டுமே அழைக்கிறோமே, கிட்டத்தட்ட அப்படி. பர்னெட்டின் பண்ணை மான்போடோ. அதனால் அவர் மான்போடோ பிரபு.

வினோதமான மனிதர். பழைய கிரேக்கர்கள் ஏறாத வண்டியில் நான் ஏன் ஏற வேண்டும் என்று, வயதான காலத்திலும் லண்டனுக்குக் குதிரை மேல்தான் போவார். விடியற்காலையில் எழுந்து உடம்பில் துணியில்லாமல் காற்றுக் குளியல். கோர்ட்டில் மற்ற நீதிபதிகளோடு மேலே உட்காராமல், கீழே கிளார்க்குகளின் மேஜையில் வந்து உட்கார்ந்துகொள்வாராம். தன் சொந்தக் குதிரை வழக்கில் தோற்ற கோபம்தான் காரணம் என்று ஒரு கதை உண்டு. கிளார்க்குகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரு நீதிபதி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது டீ குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது.

ஆனால் பண்ணையில் அவர் வேறு மனிதர். குத்தகையை உயர்த்த மாட்டார், குடியானவர்களை வெளியேற்ற மாட்டார். அவர்களைப் போலவே உடுத்திக்கொண்டு, தன்னை விவசாயி பர்னெட் என்று சொல்லிக்கொள்வார்.

இனி கடிதங்களுக்கு வருகிறேன். அவருடைய காகிதங்கள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. கடிதங்களில் ஒரு பகுதியை வில்லியம் நைட் என்ற பேராசிரியர் 1900-ல் புத்தகமாகப் போட்டார். (நைட் என்று இன்னொருவர் பின்னால் வருவார், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அந்தப் புத்தகத்தைப் படித்தபோதுதான் சுவரில் தொங்கிய வால்காரர்களின் கதை புரிந்தது.

மான்போடோவின் வாழ்நாள் கேள்வி ஒன்றுதான்: மனிதன் பேசக் கற்றது எப்படி? பேச்சு பிறவியிலேயே வருவதல்ல, மனிதர்கள் கூடி வாழ்ந்து மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட கலை என்பது அவர் கட்சி. 1773 தொடங்கி 1792 வரை ஆறு பாகங்களாக இதை எழுதினார். இதற்காக அவர் தேடாத சாட்சி இல்லை. காட்டில் வளர்ந்து பிறகு பிரான்சில் பிடிபட்ட ஒரு பெண்ணை 1765-ல் பாரிசில் நேரில் பார்த்து விசாரித்தார். கனடாவின் ஹியூரான் மக்களின் சொற்களை ஒரு பழைய பாதிரியாரின் அகராதியிலிருந்து ஆராய்ந்தார். உராங்குட்டான் மனித இனத்தைச் சேர்ந்ததே, பேச்சு மட்டும்தான் அதற்கு இன்னும் வரவில்லை என்று நண்பர்களிடம் வாதாடினார். நண்பர்கள் என்றால் சாதாரணமானவர்கள் அல்ல. ஒருவர் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த சர் ஜான் பிரிங்கிள், இன்னொருவர் மொழி ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் ஹாரிஸ்.

வால் விவகாரம் நம் வங்காள விரிகுடாவிலிருந்து போனது. நிக்கோபார் தீவுகளில் வாலுள்ள மனிதர்களைக் கண்டதாக சுவீடன் நாட்டு மாலுமி ஒருவர் எழுதி வைத்திருந்தார். மான்போடோ அதைப் படித்தவுடன் நம்பிவிடவில்லை. அந்த மாலுமி நம்பத்தக்கவர்தானா என்று இயற்கை விஞ்ஞானி லின்னேயசுக்கே எழுதிக் கேட்டார். சாட்சியின் யோக்கியதையை முதலில் விசாரிக்கும் நீதிபதியின் புத்தி! விசாரணை சரி, முடிவுதான் தப்பு. ஊர் முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு சிரித்தது. கே போட்ட படம் அந்தச் சிரிப்புதான். அவர் 1799-ல் இறந்து 60 வருடம் கழித்து டார்வினின் புத்தகம் வந்தது. அதற்குப் பிறகு பலர் அவரை முன்னோடி என்று கொண்டாடினார்கள்.

இன்னொரு படமும் உண்டு, ஜான் பிரவுன் என்ற ஓவியர் பென்சிலால் வரைந்தது. இதில் கேலி இல்லை. பிரவுன் இத்தாலியில் பல வருடம் இருந்தவர். இத்தாலிய மொழியையும் இசை நாடகத்தையும் பற்றி மான்போடோவுக்குக் கடிதங்கள் எழுதினார். 1787-ல் பிரவுன் இளம் வயதில் இறந்துபோக, மான்போடோ அந்தக் கடிதங்களைத் தொகுத்து, முன்னுரை எழுதி, 1789-ல் புத்தகமாக வெளியிட உதவினார். அதில் வந்த பணம் பிரவுனின் மனைவிக்கு.

கல்கத்தாவிலிருந்தும் அவருக்குக் கடிதம் வந்தது. எழுதியவர் அங்கே சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி இரண்டு நீதிபதிகள் கடல் தாண்டிப் பேசிக்கொள்கிறார்கள். கலைகள் எல்லாமே எகிப்திலிருந்துதான் பரவின என்பது மான்போடோவின் பிடிவாதம். (நம் தமிழும் அதன் சகோதர மொழிகளும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று சென்னையில் எல்லிஸ் துரை 1816-ல் எழுதியபோது இருவருமே உயிரோடு இல்லை.)

மனைவி பிரசவத்தில் போனார். ஒரே மகன் சிறு வயதிலேயே போனான். இளைய மகள் எலிசா, கவிஞர் பர்ன்ஸ் வியந்து பாடிய அழகி, 1790-ல் காசநோயில் போனாள். அடக்கம் முடிந்து கிழவர் வீட்டுக்கு வருவதற்குள், அவர் மனம் நோகக் கூடாதென்று மருமகன் எலிசாவின் படத்தைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாராம். கிழவர் அதைப் பார்த்தார். நல்ல காரியம் செய்தாய் என்றார். வா, நம் ஹெரோடோட்டஸைத் தொடர்வோம் என்று கிரேக்கப் புத்தகத்தைத் திறந்தார். இந்த இடத்தைப் படித்துவிட்டு அன்று கணினியை மூடிவிட்டேன்.

இதுவரை எழுதியதோடு நிறுத்தியிருந்தால் ஒரு நல்ல மனிதரைப் பற்றிய கட்டுரையாக முடிந்திருக்கும். ஆனால் பதிவறையில் வேலை பார்த்தவனுக்கு ஒரு பழக்கம், ஒரு கட்டை எடுத்தால் பக்கத்துக் கட்டையும் பிரித்துப் பார்ப்பது.

பக்கத்துக் கட்டு, ஜோசப் நைட் வழக்கு. சிறுவனாக ஜமைக்காவில் ஜான் வெட்டர்பர்ன் என்ற தோட்ட முதலாளிக்கு அடிமையாக விற்கப்பட்டவர். முதலாளியோடு 1769-ல் ஸ்காட்லாந்து வந்து வீட்டு வேலை செய்தார். 1772-ல் லண்டனில் மான்ஸ்ஃபீல்டு பிரபு ஒரு கறுப்பருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னதைப் பத்திரிகையில் படித்தார். அதே வீட்டுப் பணிப்பெண் ஆனி தாம்சனை மணந்தார். குடும்பத்தோடு தனியே வாழக் கிளம்பியவரை முதலாளி பிடிக்க வைத்தார். உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகள் முதலாளி பக்கம். மேலே பெர்த் ஷெரிஃப் கோர்ட் நைட் பக்கம். முதலாளி அப்பீல் போக, வழக்கு மான்போடோவின் கோர்ட்டுக்கு வந்தது. நைட் தரப்பில் கொடுத்த மனு இன்றும் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

1778 ஜனவரி 15. எட்டுக்கு நான்கு என்று நைட் ஜெயித்தார். ஜமைக்கா சட்டம் இங்கே செல்லாது, அது அநியாயமான சட்டம் என்றது கோர்ட். கறுப்பாக இருப்பதால் ஒருவன் அடிமையாகிவிடுவானா, அவனும் நம் சகோதரன்தானே என்ற பொருளில் பேசினார் ஆச்சின்லெக் பிரபு. அநியாயத்தை அமல்படுத்தவா நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்ற தொனியில் பேசினார் கேம்ஸ் பிரபு.

மாறுபட்ட நால்வரில் ஒருவர் மான்போடோ. ஆச்சின்லெக்கின் மகன் பாஸ்வெல் இதைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். அந்த நால்வரின் வாதம், எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் இருந்த நிலைதான் அடிமை நிலை, சுதந்திரம் செழித்த கிரேக்கத்திலும் ரோமிலுமே இருந்தது என்பது.

கிரேக்கர்கள் வண்டியில் போகவில்லை என்று குதிரையில் போனவர் அல்லவா? அதே தராசில்தான் இதையும் நிறுத்திருக்கிறார். உராங்குட்டானை மனித இனத்தில் சேர்க்க முப்பது கடிதம் எழுதக் கூடியவருக்கு, கண் முன்னால் நின்ற மனிதனை விடுவிக்க ஒரு ஓட்டுப் போட முடியவில்லை. அந்தக் கால வழக்கம் என்று சமாதானம் சொல்லலாம். அதே காலத்து நீதிபதிகள் எட்டுப் பேர் மறுபக்கம் இருந்தார்களே.

1773 ஆகஸ்டில் டாக்டர் ஜான்சன் பாஸ்வெலோடு மான்போடோ வீட்டுக்கு விருந்துக்குப் போனார். மான்போடோவின் உராங்குட்டான் கொள்கையைக் கேலி செய்து வந்தவர் ஜான்சன். பிறகு நைட்டுக்காக ஒரு வாதத்தையே வாயால் சொல்லி எழுத வைத்தவரும் அவரே. அன்று சாப்பாடு முடிந்து கிளம்பியபோது, பெரிய சாலை வரை வழி காட்டத் தன் வேலைக்காரனை அனுப்பினார் மான்போடோ. அவன் ஒரு கறுப்பன், பெயர் கோரி. ஞானஸ்நானம் பெற்றாயா என்று ஜான்சன் விசாரித்தார். ஆம், டர்ஹாம் பிஷப் கையால் உறுதிபூசுதலும் பெற்றேன் என்றான். பிரியும்போது ஜான்சன் அவன் கையில் ஒரு ஷில்லிங் கொடுத்தார்.

நான் பார்த்த காகிதங்களில் கோரியைப் பற்றி இருப்பது பாஸ்வெல் எழுதிய அந்தச் சில வரிகள்தான்.