கொள்ளிச்சட்டியை யார் தூக்குவது? யஷ்வந்தை வளர்த்த சமூகம்

மார்ச் 10, அன்னை சாவித்திரிபாய் புலே நினைவு நாள். வழக்கம்போல் இந்த ஆண்டும் அவரை 'முதல் ஆசிரியை' என்று மட்டும் சொல்லி மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அவர் ஒரு தத்துப்பிள்ளையின் தாய் என்பதைப் பேசுவது குறைவு. அந்தப் பிள்ளையை வளர்க்க அவருக்குத் துணை நின்றவர்கள் யார் என்று கேட்பது அதைவிடக் குறைவு.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த தோழர் ஒருவரும் அவருடைய இணையரும் ஒரு பெண் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்தார்கள். வீட்டுக்கு வந்த உறவினர்கள் குழந்தையின் பெயரைக் கேட்பதற்கு முன்பே கேட்டது, "எந்த ஆளுங்க பிள்ளை?" என்றுதான். கேட்டவர்களில் நம் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருகிறவர்களும் இருந்தார்கள். அந்த வீட்டுக்கு இரண்டாம் முறை போனவர்கள் சிலரே. தத்தெடுப்பதைப் பாராட்டுகிறோம். தத்தெடுத்த குடும்பத்தைத் தனியே விட்டுவிடுகிறோம். இதே கேள்வியைச் சந்தித்த புனே நகரத்துக் குடும்பம் ஒன்றின் கதை நமக்குத் தேவைப்படுகிறது.

வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தவர்

ஜோதிராவ் புலேவே வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தவர்தான். ஒரு வயது நிறைவதற்குள் தாய் சிம்னாபாய் இறந்துபோனார். குழந்தையை எடுத்து வளர்த்தவர் உறவுக்காரரான சகுணாபாய். கணவனை இழந்த சகுணாபாய், ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவரின் அனாதை இல்லத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். பெறாத பிள்ளையை வளர்ப்பது பாவமும் இல்லை, தியாகமும் இல்லை, அது ஒரு வேலை, அதைச் செய்யலாம் என்பதை ஜோதிராவ் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த மடியிலேயே தெரிந்துகொண்டார். பின்னாளில் ஜோதிராவும் சாவித்திரியும் பள்ளி நடத்தியபோது சகுணாபாயும் அவர்களோடு நின்றார்.

காசிபாய் வழக்கு

அன்றைய புனேயில் பார்ப்பனக் குடும்பங்களில் சிறுமிகளுக்குத் திருமணம் நடக்கும். கணவன் இறந்தால் தலையை மழித்து, மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். விதவை மறுமணச் சட்டம் 1856இலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருந்த உரிமையைக் கையில் எடுத்துக் கொடுக்க ஊரில் ஆள் இல்லை. அதே வீடுகளின் ஆண்கள் அந்தப் பெண்களைச் சீரழித்தார்கள். கர்ப்பமானால் பழி அவள்மீது. கருவைக் கலைக்க நஞ்சு தின்பாள், இல்லையேல் பிறந்த குழந்தையைக் கொல்வாள்.

காசிபாய் என்ற இளம் பார்ப்பன விதவை, புலேயின் நண்பர் சதாசிவ் பல்லாள் கோவண்டே வீட்டில் சமையல் வேலை செய்தார். ஒரு சாஸ்திரியால் கர்ப்பமானார். அவன் கைவிட்டான். பிறந்த குழந்தையைக் கொன்றதற்காக நீதிமன்றம் காசிபாயை ஆயுள் முழுவதும் நாடு கடத்தித் தண்டித்தது. அந்தமானுக்கு அனுப்பினார்கள். சாஸ்திரிக்கு எதுவும் ஆகவில்லை.

இந்த வழக்கு முடிந்த கையோடு, 1863இல், புலே தம்பதியர் தங்கள் வீட்டு வளாகத்திலேயே ஓர் இல்லத்தைத் திறந்தார்கள். அதன் பெயரே 'குழந்தைக் கொலைத் தடுப்பு இல்லம்'. கர்ப்பமான விதவைகள் இங்கே வந்து ரகசியமாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், குழந்தையைக் கூடவே வைத்துக்கொள்வதும் விட்டுப்போவதும் அவர்கள் விருப்பம் என்று ஊரில் அறிவிப்பு ஒட்டினார்கள். பள்ளிக்கு நடந்து போன சாவித்திரிபாய்மீது சாணியும் கல்லும் வீசிய அதே ஊர் அது. அந்த ஊரின் மேல்சாதி வீடுகள் வெளியே தள்ளிய பெண்களுக்குச் சூத்திரர் வீட்டுக் கதவு திறந்தது.

1884 டிசம்பரில் அரசுக்கு எழுதிய குறிப்பில் புலே கணக்கைச் சொல்கிறார். அதுவரை 35 விதவைகள் அந்த இல்லத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருக்கிறார்கள். உயிரோடு இருந்த குழந்தைகள் 5 மட்டுமே. கர்ப்பத்தை மறைக்கத் தாய்மார்கள் தின்ற நஞ்சு, கருவிலேயே குழந்தைகளைச் சிதைத்திருந்தது என்று அவர் காரணமும் எழுதுகிறார். 35க்கு 5. மனுதர்மத்தின் கணக்கு இது.

சட்டம் ஏற்காத மகன்

1874இல் அப்படிப் பிறந்த ஒரு குழந்தையைப் புலே தம்பதியர் தங்கள் மகனாக எடுத்துக்கொண்டார்கள். யஷ்வந்த் என்று பெயரிட்டார்கள். பெற்றவர் பார்ப்பன விதவை. வளர்த்தவர்கள் மாலி சாதியினர். அன்றைய இந்துச் சட்டப்படி தத்துப்பிள்ளை தத்தெடுப்பவரின் சாதியிலேயே பிறந்திருக்க வேண்டும். பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் உரிமை பெற்ற தாய் தந்தைக்கு மட்டுமே இருந்தது. தந்தை யார் என்றே சொல்ல முடியாத ஒரு குழந்தைக்கு இந்தச் சட்டத்தில் ஏது இடம்?

அதனால்தான் ஜோதிராவ் 1887இல் உயில் எழுதி, யஷ்வந்தைத் தன் வாரிசாக அறிவித்துப் பதிவு செய்தார். சட்டம் மகன் என்று ஏற்காதவனுக்கு உயில் மூலம் உரிமை கொடுத்தார்.

உயில் சொத்தைக் கொடுக்கும். சொந்தத்தைக் கொடுக்குமா? யஷ்வந்துக்குத் திருமண வயது வந்தபோது, விதவைக்குப் பிறந்தவனுக்குப் பெண் கொடுக்க ஆள் முன்வரவில்லை. இங்கேதான் சமூகம் வருகிறது. 1873 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்ட சத்ய சோதக் சமாஜம் (உண்மை தேடுவோர் சங்கம்) வெறும் மேடைப்பேச்சு அமைப்பாக இருந்திருந்தால் யஷ்வந்த் தனியாகவே நின்றிருப்பார். அந்த அமைப்பைச் சேர்ந்த ஞானோபா சசாணே தன் மகள் ராதாவை யஷ்வந்துக்குக் கொடுத்தார். 1889 பிப்ரவரியில், புரோகிதர் இல்லாமல், சத்ய சோதக் முறைப்படி அந்தத் திருமணம் நடந்தது. கொள்கையை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்வது எளிது. ஊர் ஏசும் பிள்ளைக்குத் தன் மகளைக் கொடுப்பது கடினம். சசாணே கடினமானதைச் செய்தார்.

1890 நவம்பர் 28. ஜோதிராவ் இறந்தார். பாடைக்கு முன்னால் கொள்ளிச்சட்டியைத் தூக்கிப்போவது யார் என்ற கேள்வி எழுந்தது. வழக்கப்படி கொள்ளிச்சட்டி தூக்குபவனே வாரிசு. யஷ்வந்த் தூக்கக் கூடாது என்று புலேயின் ரத்த உறவினர்கள் தகராறு செய்தார்கள். சாவித்திரிபாய் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. கொள்ளிச்சட்டியைத் தானே கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தானே தீ மூட்டினார். ஒரு பெண் கணவனுக்குக் கொள்ளி வைத்தாள் என்று இதைப் பெண்ணுரிமைக் கதையாகச் சொல்கிறோம். அது சரிதான். ஆனால் அன்று அவர் காத்தது தன் உரிமையை மட்டுமில்லை. தத்துப்பிள்ளையின் இடத்தையும் காத்தார்.

சசாணே தோட்டம்

யஷ்வந்த் படித்து மருத்துவரானார். 1897இல் புனேயைப் பிளேக் நோய் பிடித்தது. அரசின் சோதனைகளுக்கும் தனி முகாம்களுக்கும் பயந்து மக்கள் நோயாளிகளை மறைத்து வைத்தார்கள். சாவித்திரிபாய் மகனை வரவழைத்தார். ஊருக்கு வெளியே, ஹடப்சர் பக்கம் சசாணே தோட்டத்தில் மருத்துவமனை போட்டார்கள். பெண் கொடுத்த குடும்பத்தின் பெயரே மருத்துவமனை நின்ற மண்ணுக்கும் இருப்பதைக் கவனியுங்கள்.

முண்ட்வா கிராமத்து மகர் சேரியில் பாபாஜி கெய்க்வாட்டின் மகன் பாண்டுரங் என்ற சிறுவனுக்கு நோய் என்று கேள்விப்பட்டு, சாவித்திரிபாய் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்து மருத்துவமனையில் சேர்த்தார். பையன் பிழைத்தான். தொற்று அவரைப் பிடித்தது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார். அறுபத்தாறு வயதில், தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய குடும்பத்துப் பிள்ளையைத் தன் முதுகில் சுமந்து வந்தவர் அவர். தன் பிள்ளை, ஊரார் பிள்ளை என்ற வேறுபாடு அந்த வீட்டில் 1863இலேயே செத்துவிட்டது.

இந்தக் கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் யஷ்வந்தும் சில ஆண்டுகளில் இறந்துபோனார். அவருக்குப் பிறகு அவர் குடும்பம் வறுமையில் விழுந்ததை மராட்டிய வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சாவித்திரியும் ஜோதிராவும் இருந்தவரை அவர்களைச் சுற்றி நின்ற வட்டம், அவர்கள் போன பிறகு கலைந்துவிட்டது. தலைவரைக் கொண்டாடிய இயக்கம், தலைவரின் பிள்ளை வீட்டை மறந்தது. இதைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கலாம். சொல்லித்தான் ஆக வேண்டும்.

அம்பேத்கர் கேட்டது, நாம் செய்யாதது

சாதிவிட்டுச் சாதி தத்தெடுக்கும் உரிமை புலே காலத்தில் இல்லை. சுதந்திர இந்தியாவில் அண்ணல் அம்பேத்கர் கொண்டுவந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் திருமணம், சொத்துரிமையோடு தத்தெடுப்பும் இருந்தது. மசோதாவை நிறைவேற விடாமல் இழுத்தடித்தார்கள். 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். பிறகு மசோதாவைத் துண்டு துண்டாக்கி நிறைவேற்றினார்கள். அதில் ஒரு துண்டுதான் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். அதில் ஒரே சாதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம். இன்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் எந்த மதத்தவரும் தத்தெடுக்க வழி செய்கிறது. தத்து இல்லாமல் ஒரு குழந்தையைக் குடும்பத்தில் வைத்து வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பும், குடும்பத்துக்கு உதவித்தொகை தரும் ஏற்பாடும் அதே சட்டத்தில் இருக்கின்றன. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளில், கொல்லப்பட்டவரின் பிள்ளைகள் பட்டப்படிப்பு முடிக்கும் வரை கல்விச் செலவும் பராமரிப்பும் அரசின் பொறுப்பு என்று 2016 திருத்தம் சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது.

சேரிக்கு வாருங்கள். மலக்குழியில் இறங்கிச் செத்தவனின் பிள்ளையைப் பாட்டி வளர்க்கிறாள். சாதி ஆணவக் கொலையில் மகனைப் பறிகொடுத்தவள் பேரப்பிள்ளையை வளர்க்கிறாள். கூலிக்குப் போன இடத்தில் பெற்றோர் செத்துப்போன பிள்ளையை அத்தையோ சித்தியோ தூக்கி வந்து தன் பிள்ளைகளோடு சேர்த்துக் கஞ்சி ஊற்றுகிறாள். நம் மக்களுக்கு வளர்ப்புக் குடும்பம் புதிதில்லை. ஆனால் அந்தப் பாட்டியிடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒன்று இருப்பதை யார் போய்ச் சொன்னார்கள்? மனு எழுதிக் கொடுத்தது யார்? பள்ளியில் 'அப்பா பெயர் என்ன?' என்று கேட்டால் கூடப் போய் நிற்பது யார்? கொலை நடந்த வாரம் நாம் எல்லோரும் அந்த வீட்டில் இருக்கிறோம். சுவரொட்டி காய்ந்து உதிர்ந்த பிறகு அந்த வீட்டுக்குப் போகிறவர் யார்?

தோழர்களே, சத்ய சோதக் சமாஜத்திடம் நாம் கற்க வேண்டியது இதுதான். அவர்கள் தத்தெடுப்பை ஆதரித்துத் தீர்மானம் போட்டதோடு நிற்கவில்லை. பெண் கொடுத்தார்கள். இடம் கொடுத்தார்கள். எங்கே நிறுத்தினார்களோ அங்கே அந்தக் குடும்பம் சரிந்தது.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் பெறாத பிள்ளையை வளர்க்கும் வீடுகள் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு தோழர் பொறுப்பு ஏற்கட்டும். மனு, உதவித்தொகை, பள்ளிக் கட்டணம், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் அந்தத் தோழர். தத்துப்பிள்ளை வந்த வீட்டின் பெயர்சூட்டு விழாவுக்குப் பத்துப் பேர் போங்கள். நாளை அந்தப் பிள்ளைக்குத் திருமணம் பேசும்போது "எந்த ஆளுங்க?" என்று எவனாவது கேட்டால், "எங்க பிள்ளை" என்று சொல்ல அந்தப் பத்துப் பேரும் அங்கே இருக்க வேண்டும்.

நான் தொடக்கத்தில் சொன்ன தோழரின் வீட்டுக்கு மார்ச் 10 மாலை போகிறேன். குழந்தைக்கு இப்போது நடக்க வருகிறது. வருகிறவர்கள் வரலாம்.

ஜெய்பீம்!