செயற்கை இடுப்பு மூட்டு: உராய்வும் உயவும்

செயற்கை இடுப்பு மூட்டு என்பது தொடை எலும்பில் செருகப்படும் தண்டின் மேல் அமரும் பந்தும், இடுப்பெலும்பில் பதிக்கப்படும் கிண்ணமும் சேர்ந்தது. பந்து பெரும்பாலும் கோபால்ட்-குரோமியக் கலப்புலோகம் அல்லது பீங்கான். கிண்ணத்தின் உட்பகுதி பெரும்பாலும் பாலிஎத்திலீன். இயற்கை மூட்டின் உராய்வுக் கெழு 0.01 அளவில் அல்லது அதற்கும் கீழே இருக்கும். உலோகமும் பாலிஎத்திலீனும் உரசும்போது ஏறக்குறைய 0.05 முதல் 0.1 வரை. இந்த எண்ணை வைத்து மட்டும் மூட்டின் ஆயுளைக் கணிக்க முடியாது என்பதே இத்துறையின் வரலாறு.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி உராய்வைக் குறைக்கவே முயன்றார். மிக வழுக்கும் டெஃப்லானை அவர் முதலில் தேர்ந்தெடுத்தார். அது ஓரிரு ஆண்டுகளிலேயே தேய்ந்தது. உதிர்ந்த துகள்களால் சுற்றுத் திசு வீங்கியது. 1962-இல் அவர் மாறிய மிகை மூலக்கூற்று எடைப் பாலிஎத்திலீனுக்கு உராய்வு சற்று அதிகம், தேய்மானமோ பன்மடங்கு குறைவு. பந்தின் விட்டத்தை 22.225 மில்லிமீட்டராகச் சுருக்கியதால் உராய்வின் திருப்புவிசை குறைந்தது. ஒவ்வோர் அடிக்கும் பரப்புகள் வழுக்கும் தூரமும் குறைந்தது. ஆயினும் நுண்துகள்கள் உதிர்வது நிற்கவில்லை. அவற்றை விழுங்கும் உயிரணுக்கள் தூண்டப்பட்டு அருகிலுள்ள எலும்பு கரைகிறது. பதித்த மூட்டு ஆட்டம் காண்கிறது. 1990-களின் இறுதியில் வந்த குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் இந்தத் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்தது. 

அறுவைக்குப் பின் மூட்டைச் சுற்றி மீண்டும் உருவாகும் உறை, புரதமும் ஹைலுரோனிக் அமிலமும் கலந்த நீரைச் சுரக்கிறது. உயவு அதனால்தான். இரு பரப்புகளின் சொரசொரப்பைவிடத் திரவப்படலம் தடித்திருந்தால் அவை தொடாமல் வழுக்கும். பாலிஎத்திலீன் கிண்ணத்தில் இது அரிது. மெருகேற்றிய உலோகத்திலும் பீங்கானிலும் சாத்தியம். பந்து பெரிதானால் படலம் இன்னும் தடிக்கும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கை நம்பி வந்தவற்றுள் ஒன்று, டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். உலோக-உலோக மூட்டு. அதன் ஆழமற்ற கிண்ணம் சற்றுச் செங்குத்தாகப் பொருத்தப்பட்டாலும் சுமை விளிம்பில் ஏறி, படலம் அறுந்தது. கோபால்ட், குரோமிய அயனிகள் இரத்தத்தில் கலந்தன. 2010 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டபோது உலகெங்கும் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள். இங்கே மத்திய அரசின் நிபுணர் குழு அறிக்கை 2018-இல்தான் வெளியானது. அந்தத் தாமதத்துக்கு உயவியல் பொறுப்பல்ல.

பீங்கானோடு பீங்கான் உரசும் மூட்டில் தேய்மானம் மிகக் குறைவு. சிலருக்கு நடக்கையில் கிறீச்சிடும். மிக அரிதாக உடையும். குத்துக்காலிடும்போது தண்டின் கழுத்து கிண்ண விளிம்பில் இடித்தால், பந்து நெம்பப்பட்டு எதிர்ப்புற விளிம்பில் சுமை ஏறும். பந்து நழுவும் அபாயத்தோடு இதுவும் சேர்ந்தே, தரையில் உட்கார்ந்து பழகியவர்களிடம் பல மருத்துவர்கள் நாற்காலியை வலியுறுத்தக் காரணமாகிறது.