19,914 நாள் சிறை

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கா. வெர்மான்ட் மாநிலத்தில் மதுவிலக்கு, பக்கத்து மாநிலமான நியூயார்க்கில் தாராளம். எல்லைக்கு அப்பால் வொயிட்ஹாலில் கடை வைத்திருந்த ஜான் ஓநீல், வெர்மான்ட்டின் ரட்லண்ட் ஊர்க்காரர்கள் கேட்ட சரக்கைப் பார்சலில் அனுப்பிவைத்தார். பார்சல் கம்பெனி அதைக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கி வந்தது. விற்பனை வெர்மான்ட்டில்தான் நடந்தது என்றது அந்த மாநில நீதிமன்றம். 307 விற்பனைகளும் இரண்டாம் முறைக் குற்றமாக எண்ணப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 20 டாலர் அபராதம். வழக்குச் செலவும் சேர்த்து 6,638 டாலர் 72 சென்ட். கட்டத் தவறினால் டாலருக்கு மூன்று நாள் வீதம் 19,914 நாள் கடும் உழைப்புச் சிறை. ஐம்பத்து நான்கு ஆண்டுக்கும் மேல்!

ஓநீல் மேல்முறையீடு செய்தார். ஒரு குற்றத்துக்கான தண்டனை கொடூரமா என்றுதான் பார்க்க முடியும், குற்றங்களைப் பெருக்கியது அவரே என்று வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. தண்டனைகளை அடுக்குவது புதிதுமல்ல. 1768-இல் அரசியல்வாதி ஜான் வில்க்ஸுக்கு லண்டனில் 10 மாதமும் அது முடிந்ததும் 12 மாதமும் விதித்ததைப் பிரபுக்கள் சபையே ஏற்றிருந்தது.

1892-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வழக்கைத் தள்ளியது. மூன்று நீதிபதிகள் அதற்கு உடன்படவில்லை. அவர்களில் ஃபீல்ட், கொள்ளையடித்திருந்தால்கூட இவருக்குக் குறைந்த தண்டனையே கிடைத்திருக்கும் என்று எழுதினார். மொத்தக் கணக்கைப் பார்க்கத் துணிந்த பார்வை அது.

அந்தத் துணிச்சல் நூற்றாண்டு கடந்தும் பெரும்பான்மை ஆகவில்லை. 1995 நவம்பரில் கலிபோர்னியாவில் ஒருவர் இரண்டு கேமார்ட் கடைகளில் ஒன்பது வீடியோ கேசட்டுகளைத் திருடினார். ஸ்நோ ஒயிட், சிண்ட்ரெல்லா போன்ற குழந்தைப் படங்கள்; மொத்த விலை சுமார் 153 டாலர். பழைய குற்றங்கள் இருந்ததால், மூன்றாம் முறை சிக்கினால் ஆயுள் என்ற 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பாய்ந்தது. கடைக்கு ஒன்றாக, 25 ஆண்டு முதல் ஆயுள் வரையிலான இரு தண்டனைகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஐம்பது ஆண்டு கழித்தே பரோல் கேட்கலாம் என்றானது. மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் 2003-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைக் கவிழ்த்தது.

இந்தியாவில் தராசு வேறு பக்கம் சாய்ந்ததுண்டு. உத்தரப் பிரதேசத்தில் மின்வாரியச் சாமான் திருடிய ஒருவருக்கு ஒன்பது வழக்குகளில் தலா இரண்டு ஆண்டு, அடுக்கினால் 18. அலகாபாத் உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2022 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, ஒன்பதையும் ஏககாலத்தில் அனுபவிக்க உத்தரவிட்டது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 427-ஆம் பிரிவு தந்த விருப்புரிமை அது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 467-ஆம் பிரிவு. முதல் தண்டனை முடிந்த பின்னரே அடுத்தது என்பதே இன்றும் பொதுவிதி. ஏககாலம் வேண்டுமானால் நீதிமன்றம் அப்படி உத்தரவிட்டாக வேண்டும்.