கணினி திணறும்போது: லினக்ஸில் யாருக்கு முதலிடம்?

பழைய மடிகணினி திணறினால், புதியது வாங்க வேண்டும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் வேகம் போதுமாக இருந்தும், வேலைகள் ஓடும் வரிசை பிழைத்தால் திரை உறைந்துவிடும். அந்த வரிசையைத் தீர்மானிக்கும் பகுதிக்கு ஷெடியூலர் என்று பெயர். அது இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்குள் இருக்கிறது.

திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்பட்டால், ஒவ்வொரு காட்சிக்கும் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன். அதற்குள் உரிய நிரலுக்கு முறை வராவிட்டால் சுட்டி தடுமாறும். அதே நேரம், நிரல்களை அடிக்கடி மாற்றி மாற்றி ஓட்டினால் மொத்த வேலை தாமதமாகும். பெரிய சேவர்களுக்கு மொத்த வேலை முக்கியம். மேசையில் இருப்பவருக்கு உடனடிப் பதில் முக்கியம்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தந்த வாக்குமூலங்களைப் பாவித்த மடிகணினி ஒன்றில் கேட்டுத்தான் நான் எழுத்தாக்குகிறேன். பின்னணியில் காணொளி மாற்றம் ஓடும்போது ஒலி அறுந்தால், ஒரே வசனத்தை மூன்று நான்கு தடவை கேட்க வேண்டும். ஒரு திகதி பிழையாகக் கேட்டால் பதிவே பிழையாகிவிடும்.

லினக்ஸ் 2.6 இன் ஆரம்பத்தில் ஷெடியூலர் ஊகத்தை நம்பியது. அதிக நேரம் தூங்கிக் காத்திருக்கும் நிரலை மனிதர் பயன்படுத்துவதாகக் கருதி முன்னுரிமை கொடுத்தது. ஊகம் தவறியபோது கணினி திணறியது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மயக்கமருந்து மருத்துவர் கொன் கொலிவாஸ், ஓய்வு நேரத்தில் நிரல் எழுதியவர். ஊகத்தைக் கைவிட்டு நேரத்தை நியாயமாகப் பகிரும் ஷெடியூலர் ஒன்றை அவர் 2007 இல் முன்வைத்தார். அது ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு இங்கோ மொல்னார், கொலிவாஸின் பங்களிப்பைக் குறிப்பிட்டு, நியாயப் பங்கீட்டை அடிப்படையாகக் கொண்ட சிஎஃப்எஸ்ஸை எழுதினார். ஒக்டோபரில் வெளிவந்த 2.6.23 இல் அது இடம்பெற்றது. அதற்கு முன்பே கொலிவாஸ் விலகிவிட்டார். 2009 இல் மேசைக் கணினிகளுக்கான பிஎஃப்எஸ்ஸுடன் திரும்பி வந்தார். அதுவும் பிரதான கேர்னலில் சேரவில்லை.

2023 இல் வெளியான 6.6 பதிப்பில் சிஎஃப்எஸ்ஸின் இடத்தை ஈஈவிடிஎஃப் பிடித்தது. இது 1995 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் பிறந்த முறை. உரிய பங்கு இன்னும் கிடைக்காத நிரல்களுள், காலக்கெடு முந்தியுள்ளதை முதலில் ஓடவிடும். சிறு சிறு துண்டாக நேரம் கேட்கும் நிரலுக்குக் கெடு முந்தி வரும். எனவே மொத்தப் பங்கு கூடாமலே அதற்கு விரைவில் முறை கிடைக்கும். 2024 இன் 6.12 பதிப்பிலிருந்து, கேர்னலை மாற்றாமலே வேறு ஷெடியூலரை ஏற்றிப் பார்க்கவும் வழியுண்டு.

நாம் செய்யக்கூடியது என்ன? முதலில் நினைவகத்தைப் பாருங்கள். அது நிரம்பி, கணினி வன்தட்டை நினைவகமாகப் பாவிக்கத் தொடங்கியிருந்தால், ஷெடியூலரை மாற்றிப் பெரும் பயன் இராது.

அடுத்தது நைஸ் கட்டளை. மதிப்பு -20 முதல் 19 வரை. எண் கூடக் கூட அந்த நிரல் மற்றவற்றுக்கு வழிவிடும். இயல்பான 0 இன் எடை 1024, 19 இன் எடை 15. ஒரே கோரில் இரண்டும் முட்டி மோதினால், முதலாவதுக்கு 98 வீதத்துக்கும் மேற்பட்ட நேரம் போகும். எண்ணைக் கூட்ட எவருக்கும் முடியும். குறைக்கப் பொதுவாக நிர்வாகி உரிமை வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 2011 இல் வந்த 2.6.38 பதிப்பு முதல், ஒவ்வொரு டெர்மினல் அமர்வையும் தனிக் குழுவாக்கும் வசதி இருக்கிறது. அது இயங்கும்போது நைஸ் மதிப்பு அந்த அமர்வுக்குள் உள்ள நிரல்களுக்கிடையே மட்டுமே செல்லும். வேறு அமர்வில் உள்ள நிரலுக்கு எதிராகச் செல்லாது. நைஸ் போட்டும் மாற்றமில்லை என்றால், இதுதான் காரணமாக இருக்கலாம்.

அப்போது எளிய வழி, காணொளி மாற்றும் மென்பொருளின் த்ரெட் எண்ணிக்கையைக் குறைப்பது. நான்கு கோர்கள் இருந்தால் மூன்றை மட்டும் கொடுங்கள். காணொளி முடியக் கூடுதல் நேரம் செல்லும். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் குரல் அறுபடும் வாய்ப்புக் குறையும்.